பெயர் தெரியாத போதையும் அவசரச் சிகிச்சையும்: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் காவல் துறைக்கு ஒரே ஊர். 2022 ஜனவரி 1 அன்று ஆவடி காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டபோது மூன்றும் அதன் எல்லைக்குள் வந்தன. போதை மாத்திரை விற்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பட்டாபிராமுக்கோ கரையான்சாவடிக்கோ இடம் மாறினாலும் அவரைத் தேடும் அதிகாரம் ஒரே அலுவலகத்தில் இருக்கிறது. மருத்துவத்துக்கு இவை வெவ்வேறு ஊர்கள். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். 2018-இல் அந்த வட்டமும் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் கிழக்கே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, மேற்கே 2022-இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. நடு இரவில் நினைவு தப்பிய பையனை ஆட்டோவில் ஏற்றுகிறவர்களுக்கு எந்தப் பக்கம் போவது என்பதே முதல் குழப்பம்.

செயற்கைப் போதைப்பொருள் பற்றி நாம் படிப்பது பெரும்பாலும் பறிமுதல் செய்திதான். எத்தனை கிராம், எத்தனை பேர் கைது, சந்தை மதிப்பு எவ்வளவு என்று வரும். அதைப் போட்டுக்கொண்டவர் உயிருக்குப் போராடும் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதுபவர் குறைவு. இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த ஒரு மணி நேரம் பற்றியது. அதைப் படிக்கப் படிக்க எனக்குள் உறுதியான முடிவு ஒன்று உருவானது: உட்கொண்ட பொருளின் பெயர் தெரியாவிட்டாலும் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிட முடியும். ஆனால் அவர்கள் மருத்துவமனை வாசலுக்கு நேரத்தில் வந்துசேர வேண்டும், வந்தபின் உண்மையைச் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறைத் திருத்திச் செய்யப்படும் போதைப்பொருட்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் இதுவரை 1,200-க்கும் மேற்பட்ட புதிய மனமயக்கிப் பொருட்களைப் பதிவு செய்திருக்கிறது. ஒன்றுக்குத் தடை வந்தால் அதன் அமைப்பில் ஒரு சிறு பகுதியை மாற்றி அடுத்ததைக் கொண்டுவருகிறார்கள். மும்பையில் 'மியாவ் மியாவ்' என்று புழங்கிய மெஃபெட்ரோன் 2015 பிப்ரவரியில்தான் நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் பட்டியலில் ஏறியது.

சென்னையில் கதை வேறு வழியில் போனது. கள்ள ஆய்வுக்கூடத்தின் வேலையை இங்கே மருந்துக்கடை மாத்திரையே செய்துவிட்டது. டிரமடால் என்ற வலி நிவாரணி 2018 ஏப்ரலில் என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதற்கு நெருங்கிய உறவான, அதைவிட வலுவான டேபென்டடால் அப்போது பட்டியலுக்கு வெளியே நின்றது. அதன்பின் சென்னையைச் சுற்றி வரும் 'வலி நிவாரண மாத்திரை பறிமுதல்' செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபென்டடால். இந்த மாத்திரையையும் காரிசோப்ரடால் என்ற தசைத் தளர்த்தி மருந்தையும் சேர்த்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய மும்பை நிறுவனம் ஒன்றைப் பற்றி 2025 பிப்ரவரியில் பி.பி.சி. புலனாய்வு வெளியிட்டதும், மத்திய அரசு அந்தக் கூட்டு மருந்தின் உற்பத்தியையும் ஏற்றுமதியையும் தடை செய்தது. தனி டேபென்டடாலை அந்தத் தடை தொடவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோயிலும் வலியால் துடிப்பவர்களுக்கு அது தேவைப்படும் மருந்து என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இந்த மாத்திரையை விழுங்குவதோடு நிற்காமல் ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு. வாய்வழி எடுப்பதற்காகச் செய்த மாத்திரையில் மருந்தோடு டால்க், செல்லுலோஸ் போன்ற நிரப்புப் பொருட்களும் இருக்கின்றன. ரத்தத்தில் நேரே கலக்கும்போது அவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கின்றன. ஊசி தவறித் தமனியில் இறங்கினால் விரல்கள் கறுத்து அழுகுகின்றன. இதய வால்வில் கிருமி தங்குவது, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட தேசியக் கணக்கெடுப்பு, ஊசிவழி போதை எடுப்பவர்கள் நாட்டில் சுமார் 8.5 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. ஆம்பெட்டமைன் வகை ஊக்கிகளை எடுப்பவர்கள் மக்கள்தொகையில் 0.18 சதவீதம் என்றது. பிந்தைய எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது மெத்தம்பெட்டமைன் இவ்வளவு புழங்குவதற்கு முந்தைய கணக்கு.

மெத்தம்பெட்டமைனை ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1893-இல் முதலில் தயாரித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானில் தொழிற்சாலை ஆட்களைத் தூங்கவிடாமல் வேலைவாங்க அதையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். இன்று யாழ்ப்பாணத்தில் அது 'ஐஸ்', சென்னையில் 'மெத்'. 2024 அக்டோபரில் கொடுங்கையூரில் வீட்டிலேயே அதைத் தயாரிக்க முயன்றதாகக் கல்லூரி மாணவர்கள் சிலரைக் காவல் துறை கைது செய்தது. பசியையும் தூக்கத்தையும் தள்ளிவைக்கும் இந்தப் பொருள், ஷிஃப்ட் முறையில் இயங்கும் எந்தத் தொழிற்பேட்டையிலும் ஆள் தேடும். அம்பத்தூர் எஸ்டேட்டைப் பற்றிப் பேசும்போது அதை மறக்கக் கூடாது.

ஆக, மேற்குப் புறநகரின் கேஷுவாலிட்டிக்கு முக்கியமாக இரண்டு விதமான உடல்கள் வரக்கூடும். ஒன்று அடங்கிப்போகும் உடல், மற்றொன்று எரிந்துபோகும் உடல்.

மாத்திரை போட்டவர் அடங்கிப்போகிறார். கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், மூச்சு நிமிடத்துக்கு எட்டு, ஆறு என்று குறையும், உதடு நீலமாகும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஆழ்ந்த தூக்கமாகவும் குறட்டையாகவும் தெரிகிறது. 'மப்பு இறங்கட்டும், காலையில எழுந்திருப்பான்' என்று விட்டுவிடுகிறார்கள். டேபென்டடால் போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து, மிகையாகும்போது குறட்டை என்பது மூச்சுப்பாதை அடைபடும் ஒலி. இதற்கு மாற்று மருந்து உண்டு. நாலோக்சோன் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, ஒரு ஆம்பூல் 0.4 மி.கி. நரம்பில் ஏற்றிய சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். பழக்கத்துக்கு அடிமையானவருக்கு முழு ஆம்பூலையும் ஒரேயடியாக ஏற்றினால் கடும் விலகல் வலியோடு வாந்தி எடுத்துக்கொண்டு எழுவார், எழுந்ததும் ஓடப் பார்ப்பார். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மூச்சு சீரானதும் நிறுத்துவதே நல்ல மருத்துவம். இன்னொரு ஆபத்தும் உண்டு. நாலோக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். டேபென்டடால் அதைவிட நீண்ட நேரம் உடலில் தங்கும். கண் விழித்துவிட்டான் என்று மகிழ்ந்து வீட்டுக்குக் கூட்டிப்போன பையனின் மூச்சு வழியிலேயே மறுபடி அடங்கலாம்.

மெத், எம்.டி.எம்.ஏ. (எக்ஸ்டஸி) போன்றவற்றை எடுத்தவர் எரிந்துபோகிறார். கண்மணி விரிந்திருக்கும், வேர்த்துக் கொட்டும், நாடி 150-ஐத் தாண்டும், யாரோ துரத்துவதாக அலறுவார். நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதுதான் நம் கேஷுவாலிட்டிகளில் முதலில் நடக்கும் காரியம். அங்கேதான் உயிர் போகிறது. தசைகள் ஏற்கெனவே அமிலத்தில் தோய்ந்திருக்கின்றன. குப்புறத் தள்ளி மேலே அழுத்தினால் மூச்சு வாங்க வழியில்லாமல் இதயம் நின்றுவிடும். கை கால்களைக் கட்டுவதற்கு முன்பே தசையில் மிடாசோலமோ லோராசெபாமோ போட்டு உடலை அமைதிப்படுத்த வேண்டும். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வலிப்பு, பயம் நான்கையும் ஒரே மருந்து தணிப்பதால் பென்சோடயசெபின்களே இங்கே முதல் சிகிச்சை.

வெப்பத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஊக்கிப் பொருள் எடுத்தவரின் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் தசைகள் கரைந்து சிறுநீரகத்தை அடைக்கும், ரத்தம் உறையும் தன்மை குலையும், கல்லீரல் விழும். இது கிருமிக் காய்ச்சல் இல்லை. மூளை தன் வெப்பநிலை இலக்கை உயர்த்தியதால் வந்த காய்ச்சலுக்குத்தான் பாராசிட்டமால் கேட்கும். இது தசையிலிருந்தும் வளர்சிதை மாற்றத்திலிருந்தும் கிளம்பும் வெப்பம், பாராசிட்டமால் ஊசி எத்தனை போட்டாலும் இறங்காது. ஐஸ் வேண்டும், நிறைய வேண்டும். ஐஸ் நீரில் நனைத்த துணிகளால் உடல் முழுவதையும் சுற்றி, மின்விசிறியை நேரே திருப்பி, முடிந்தால் ஐஸ் நீர்த் தொட்டியிலேயே இறக்கி, அரை மணிக்குள் 39-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. தகரக் கூரை அறையில் தங்கியிருக்கும் ஒருவர் மெத் எடுத்தால் வெளியிலும் உள்ளேயும் வெப்பம் ஏறுகிறது. மீன்கடையிலும் ஜூஸ் கடையிலும் தடையின்றிக் கிடைக்கும் ஐஸ், அவசரச் சிகிச்சைப் பிரிவில் எந்நேரமும் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எம்.டி.எம்.ஏ. எடுத்தவருக்குத் தண்ணீரை அளவின்றிக் கொடுப்பதும் கொல்லும். 1995-இல் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருவர் ஒரு மாத்திரைக்குப் பின் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கி இறந்தார். அந்த மாத்திரை சிறுநீரைத் தடுக்கும் ஹார்மோனைத் தூண்டுவதால் குடித்த நீர் உள்ளேயே தேங்குகிறது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. டேபென்டடால், டிரமடால், எம்.டி.எம்.ஏ., சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றில் இரண்டைக் கலந்துபோட்டால் செரோடோனின் மிகுந்து கால்கள் விறைக்கும். பாதத்தை மேலே தள்ளிப் பிடித்தால் தானாக உதறும். அதற்குத் துணை மருந்தான சைப்ரோஹெப்டடினை நம் வீடுகளில் பலருக்குத் தெரியும், குழந்தைக்குப் பசி எடுக்கக் கொடுக்கும் சிரப் அதுதான்.

இவ்வளவும் புதிய வித்தையாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டி செவிலியர்களுக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் நஞ்சைப் படிக்கத் தெரியும். பூச்சிமருந்து, எலி பேஸ்ட், சாணிப் பவுடர், அரளி விதை, பாம்புக்கடி என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஏற்றும்போது கண்மணி, எச்சில், வியர்வை, நாடி நான்கையும் சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்கும் பழக்கம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு சில வேறுபாடுகளைச் சேர்த்தால் போதும். கண்மணி சுருங்கி, உடல் நனைந்து, வாயில் நுரை தள்ளினால் பூச்சிமருந்து. கண்மணி சுருங்கி, தோல் உலர்ந்து, மூச்சு மட்டும் குறைந்தால் ஓபியாய்டு. கண்மணி விரிந்து, தோல் நனைந்திருந்தால் மெத் வகை. கண்மணி விரிந்து, தோலும் வாயும் காய்ந்து, காற்றில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தால் ஊமத்தை போன்ற ஒன்று. முழு உண்மை இந்த நான்கு வரிக்குள் அடங்காது, கலந்துபோட்டவருக்குக் குறிகளும் கலந்திருக்கும். ஆனாலும் முதல் பத்து நிமிடத்துக்கு இது வழிகாட்டும். மூச்சு, ரத்த ஓட்டம், சர்க்கரை அளவு, உடல் வெப்பம், இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்க்க எந்த மூலக்கூறின் பெயரும் தேவையில்லை.

சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை நம்பி ஏமாறுவதும் நடக்கிறது. ஓபியேட் கோடு மார்ஃபினையும் அதன் நேர்வழி உறவுகளையும் காட்டும். டேபென்டடாலையோ டிரமடாலையோ காட்டாது. செயற்கைக் கஞ்சா வகைகளுக்குக் கஞ்சா கோடு பதில் சொல்லாது. மறுபுறம், சளி மாத்திரையில் உள்ள சூடோஎபிட்ரின் ஆம்பெட்டமைன் கோட்டில் 'பாசிட்டிவ்' காட்டிவிடலாம். 'நெகட்டிவ்' என்று வந்ததால் பையன் பொய் சொல்கிறான் என்றோ, 'பாசிட்டிவ்' என்று வந்ததால் குற்றவாளி என்றோ முடிவுகட்டக் கூடாது.

கேட்கத் தெரிந்த மருத்துவர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1982-இல் கலிஃபோர்னியாவில் நடந்ததை மருத்துவ உலகம் இன்றும் சொல்கிறது. இளவயதுக்காரர்கள் சிலர் ஒரே இரவில் கல்லாய்ச் சமைந்தவர்கள்போல அசைவற்றுப்போய் மருத்துவமனைக்கு வந்தார்கள். மனநோய் என்றே முதலில் எண்ணப்பட்டது. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் அது முதியோருக்கு வரும் பார்க்கின்சன் நோயின் உருவம் என்று கண்டார். செயற்கை ஹெராயின் தயாரித்தவரின் தவறால் கலந்துவிட்ட எம்.பி.டி.பி. என்ற நஞ்சு அவர்களின் மூளைச் செல்களைக் கொன்றிருந்தது. அதைப் பயன்படுத்துபவர்களை எச்சரித்துப் பொது அறிவிப்பு போனது. பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கே அதனால் புதிய வழி பிறந்தது. என்ன போட்டுக்கொண்டார்கள் என்று நோயாளிகளிடம் கேட்டறிந்த விவரம் இத்தனை தூரம் போயிற்று.

நம் ஊரில் அந்த விவரம் எளிதில் வாய்க்கு வருவதில்லை. 'என்னத்தையோ சாப்டுட்டான் சார்', 'ஜூஸ்ல யாரோ கலந்துட்டாங்க', 'வெயில்ல மயங்கி விழுந்துட்டான்' என்பவைதான் முதலில் வரும் பதில்கள். உடன் வந்த நண்பர்கள் ஸ்ட்ரெச்சரில் கிடத்திவிட்டு மறைந்துவிடுவார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ எஸ்டேட் வேலைக்கு வந்தவர் என்றால் பேச மொழியும் இல்லை. இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நஞ்சு என்று வரும் எவரையும் எம்.எல்.சி.யாக (மருத்துவ-சட்ட வழக்காக)ப் பதிந்து, விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் எழுதி, அவுட்போஸ்ட் போலீஸுக்குச் சொல்வது மருத்துவமனை வழக்கம். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 27-ஆவது பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதற்கே ஓராண்டு வரை சிறை என்கிறது.

அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. நினைவிழந்து மற்றவர் தூக்கிவந்தவர் 'தானாக முன்வந்தவர்' ஆவாரா? தூக்கிவந்த நண்பருக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. சாலை விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவருபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. போதை மிகையில் விழுந்தவரைக் கொண்டுவருபவருக்கும் அது வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-இல் இப்படி ஒரு சட்டம் செய்தது. கனடா 2017-இல் நாடு முழுமைக்கும் செய்தது. டொரன்டோவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று இன்று மருந்துக்கடைக்குப் போய் நாலோக்சோன் பையை இலவசமாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒன்டாரியோ மாகாணம் 2016 முதல் அதைக் கொடுக்கிறது. ஓபியாய்டு மிகையை நேரில் காண நேரக்கூடிய குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் இந்த மருந்தைக் கொடுத்துப் பயிற்சியும் தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014-இலேயே பரிந்துரைத்துவிட்டது. அம்பத்தூர் தாய்க்கும் அந்த உரிமை வேண்டும்.

சட்டம் மாறும்வரை மருத்துவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காவல் துறைக்குக் கட்டாயம் தகவல் தரவேண்டிய குற்றங்களைப் பட்டியலிடும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 33-ஆவது பிரிவில் போதைப்பொருள் உட்கொண்டது இடம்பெறவில்லை. எம்.எல்.சி. பதிவு வழக்கப்படி நடக்கட்டும். காவலர் நோயாளியிடம் எப்போது பேசலாம் என்பதை மட்டும் மருத்துவர் முடிவுசெய்யட்டும். போலீஸ் வராமல் சிகிச்சை தர முடியாது என்ற தயக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல், சட்ட நடைமுறைக்குக் காத்திராமல் உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை என்றது. 1996-இல் பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில், அரசு மருத்துவமனை அவசரச் சிகிச்சை மறுப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவை மீறுவதாகும் என்றது. நினைவு தடுமாறிய நிலையில் ஓடப்பார்ப்பவரைத் தடுத்துச் சிகிச்சை தர 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு 72 மணி நேரம் வரை வழிசெய்கிறது. போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறையும் அந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருப்பது பலருக்குத் தெரியாது.

நோயாளியிடம் பொய் உறுதி கொடுக்கக் கூடாது. 'போலீஸுக்கே தெரியாது' என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் அவுட்போஸ்ட் காவலர் வந்து நிற்பார், அதன்பின் அந்தக் குடும்பம் யாரையும் நம்பாது. 'தம்பி, எழுத வேண்டியதை எழுதுவேன், அது என் வேலை. இப்ப நீ என்ன போட்டேன்னு தெரிஞ்சாத்தான் தப்பான மருந்து குடுக்காம இருப்பேன். மாத்திரையா, ஊசியா, எத்தன மணிக்கு?' இப்படி நேராகக் கேட்டால் பதில் வரும். அம்மாவையும் அப்பாவையும் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டால் இன்னும் தெளிவாக வரும்.

தூரமும் பணமும் அடுத்த தடைகள். 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையும், விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம் இவற்றோடு நஞ்சையும் சேர்த்து அமைக்கப்பட்ட தமிழ்நாடு விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டமும் நமக்குக் கிடைத்த நல்ல அடித்தளம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையிலும் அரசு செலவில் தருகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவருக்கு வாசலிலேயே கிடைக்கும் அந்த உறுதி, அதே சாலையோரம் மூச்சடங்கிக் கிடப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சிறிய தனியார் மருத்துவமனைகள் 'ஜி.எச்.-க்குக் கொண்டு போங்க' என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப அதன்பின் காரணம் குறையும். மேலே அனுப்பத்தான் வேண்டுமென்றாலும், மூச்சுப்பாதையைத் திறந்து, ஆம்பு பையால் மூச்சு கொடுத்து, நாலோக்சோன் போட்டபின் அனுப்புவதற்குப் பெரிய ஐ.சி.யூ. தேவையில்லை.

எச்சரிக்கை என்ற விஷயத்தில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். ஐரோப்பிய நாடுகள் 1997 முதல் புதிய போதைப்பொருட்களுக்கு முன்னெச்சரிக்கை வலையமைப்பு ஒன்றை நடத்துகின்றன. ஒரு நகரத்தின் அவசரப் பிரிவில் விசித்திரமான நஞ்சேற்றம் தென்பட்டால் மற்ற நாடுகளின் மருத்துவர்களுக்குத் தகவல் போகிறது. அந்த வலை இல்லாததன் விலையை நாம் சாராயச் சாவுகளில் பார்த்தோம். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த மெத்தனால் வந்த இடமாக விசாரணையில் சொல்லப்பட்டது, நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கும் வானகரம். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் சாவுகளுக்குக் காரணம் சாராயம் இல்லை என்று சொல்லப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில், குடித்தவர்கள் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தார்கள். நாளை கெட்டுப்போன மெத் ஒரு பொட்டலமோ, போலி மாத்திரையில் கலந்த நைட்டசீன் வகை ஓபியாய்டோ ஆவடியில் இரண்டு பேரைச் சாய்த்தால், அந்தச் செய்தி அதே இரவில் அம்பத்தூரின் டியூட்டி டாக்டருக்கும் பூந்தமல்லியின் டியூட்டி டாக்டருக்கும் போய்ச்சேர வேண்டும். தடய அறிவியல் துறையின் அறிக்கை வந்து பெயர் தெரிவதற்குள் தெரு முழுக்க அது பரவிவிடும். காவல் துறைக்கு ஓர் ஆணையரகம் கிடைத்ததுபோல, மூன்று ஊர் அவசரப் பிரிவுகளுக்கும் பொதுவான ஒரு தகவல் வழியும் ஒரே சிகிச்சை நெறியும் வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை.

பிழைத்தவர் எங்கே போகிறார் என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 2025-இல் அரசு 25 இடங்களில் திறந்த 'கலங்கரை' மையங்கள் என்று கதவுகள் இருக்கின்றன. அவசரப் பிரிவிலிருந்து அங்கே போகும் பாதைதான் அறுபட்டிருக்கிறது. காலையில் கண் விழித்ததும் குடும்பம் 'எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்' என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது. மிகையில் தப்பியவர் அடுத்த சில மாதங்களில் மறுபடி மிகையில் விழுவதற்கான வாய்ப்பு மிக அதிகம். விலகல் வலியோடு அவரை அனுப்பாமல், அந்த வலியைத் தணிக்கும் பியூப்ரெனார்ஃபினை அன்றைக்கே தொடங்கி, மீட்பு மையத்தின் ஊழியர் ஒருவரைப் படுக்கைக்கே வரவழைத்துப் பேசவைப்பது பல நாடுகளில் பலன் தந்த வழி.

வண்டி வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதையும் எழுதியாக வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள்; நினைவில்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். கூப்பிட்டும் தோளைத் தட்டியும் எழாதவர் தூங்கவில்லை. மூச்சு இருந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, யாராவது ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டே பக்கத்தில் இருக்க வேண்டும். மூச்சே இல்லையென்றால் 108-இல் பேசுபவர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கத் தெரிந்தால் அதையும் சேர்க்க வேண்டும். உடல் நெருப்பாய்ச் சுட்டால் சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போர்த்தி, விசிறியைத் திருப்புங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பும் வேண்டாம். 108-க்கு அழைக்கும்போது முதலில் 'மூச்சு குறையுது' அல்லது 'உடம்பு கொதிக்குது, வலிப்பு வருது' என்று சொல்லிவிட்டு இடத்தின் அடையாளத்தைச் சொல்லுங்கள். எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மருத்துவரும் அழைக்கலாம், பொதுமக்களும் அழைக்கலாம். சட்டைப்பையில், மெத்தைக்கடியில், பைக் சீட்டுக்குக் கீழே கிடக்கும் மாத்திரை அட்டை, பொட்டலக் காகிதம், ஸ்டாம்ப் துண்டு எது கிடைத்தாலும் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டு டாக்டரின் கையில் கொடுங்கள். அட்டையில் எத்தனை குழி காலியாக இருக்கிறது என்பதை வைத்தே அவர் எத்தனை மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்று கணக்கிடுவார்.